லினக்ஸில் ஒலிப்பதிவு தகராறு செய்தால்: கோளாறு எந்த அடுக்கில் என்று பிடித்து வழு அறிக்கை எழுதும் முறை

ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் குரல் பதிவு செய்கிறீர்கள். நடுநடுவே "டிக், டிக்" என்று வெட்டு விழுகிறது. உடனே ஆர்டோரின் வழுப்பட்டியலில் (மென்பொருள் கோளாறுகளைப் பதியும் இடம்) "சத்தம் உடைகிறது" என்று எழுதிப் போட்டால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "கோளாறு எங்கள் நிரலில் இல்லை, வேறிடத்தில் பாருங்கள்." பதில் எழுதும் நிரலர் தட்டிக்கழிக்கவில்லை. லினக்ஸில் மைக்கிலிருந்து கிளம்பும் ஒலி கோப்பாகச் சேர்வதற்குள் பல கை மாறுகிறது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், லினக்ஸின் மையமான கர்னலுக்குள் இருக்கும் அல்சா டிரைவர், பைப்வயர் அல்லது ஜாக் என்ற ஒலிச் சர்வர், பதிவு மென்பொருள், அதற்குள் ஓடும் பிளகின்கள் (துணை நிரல்கள்) என ஒவ்வொன்றையும் எழுதிப் பராமரிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். கோளாறு ஓர் அடுக்கில் இருக்கும், சத்தம் உடைவது இன்னோர் அடுக்கில் தெரியும். அதனால் ஒலி விஷயத்தில் வழு அறிக்கையின் முக்கால்வாசி வேலை, எழுத உட்காருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

முதலில் வழு அல்லாதவற்றைக் கழியுங்கள்

வருகிற புகார்களில் பலவும் அமைப்பு சரியில்லாததால் வருபவை. இவற்றைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் போதும்.

ரியல்டைம் அனுமதி, அதாவது ஒலி வேலைக்கு மற்ற வேலைகளைவிட முன்னுரிமை பெறும் உரிமை. "யுலிமிட் -ஆர்" என்று அடித்தால் 95 அல்லது அதற்கு அருகில் ஓர் எண் வர வேண்டும். 0 வந்தால் உங்கள் பயனர் கணக்கு "ஆடியோ" குழுவில் இல்லை, அல்லது அந்தக் குழுவுக்கான வரம்புக் கோப்பில் ஆர்டிபிரியோ (முன்னுரிமை), மெம்லாக் (நினைவகம்) வரிகள் இல்லை. குழுவில் சேர்த்த பிறகு லாக்-அவுட் செய்து திரும்ப நுழையாவிட்டால் மாற்றம் நடப்புக்கு வராது. இதை மறந்துவிட்டு மூன்று நாள் அலைபவர்கள் நிறையப் பேர். "ஆர்டிசிக்யூஎஸ்" என்ற சிறு நிரலை ஒருமுறை ஓட்டினால் அனுமதி, சிபியு கவர்னர் (சிபியு வேகத்தைக் கட்டுப்படுத்துவது), கர்னல் அமைப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சோதித்து எது சரி, எது சரியில்லை என்று சொல்லிவிடும்.

சாதனம் பிஸி. ஜாக்கைத் தனியாகத் தொடங்கும்போது "சாதனத்தைத் திறக்க முடியவில்லை" என்று வந்தால், அதை ஏற்கெனவே பைப்வயர் பிடித்துவைத்திருக்கும். "ஃபியூசர் -வி" கட்டளையை டெவ் கோப்புறைக்குள் இருக்கும் எஸ்என்டி கோப்புகள் மேல் ஓட்டினால் பிடித்திருப்பது யார் என்று தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் ஓடவிட வேண்டும்.

தவறான புரொஃபைல். எட்டுச் சேனல் இன்டர்ஃபேஸில் இரண்டுதான் தெரிகிறது என்றால், பாவுகன்ட்ரோல் என்ற ஒலி அமைப்பு நிரலின் கடைசித் தாவலில் "ப்ரோ ஆடியோ" புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்போது எட்டும் வந்துவிட்டால் டிரைவர் சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் சாதனத்துக்கான யூசிஎம் அமைப்புக் கோப்புதான் (சாதனத்தின் சேனல்களை விவரிப்பது) இல்லை. அறிக்கை போக வேண்டிய இடமும் அதோடு மாறிவிடும்.

சாதனத்தின் குணம். ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறை இன்டர்ஃபேஸ்கள் பெட்டியிலிருந்து எடுத்ததும் எம்எஸ்டி முறையில் இருக்கும்; பென்டிரைவ் போல ஒரு டிஸ்க் தெரியும், சில வசதிகள் வேலை செய்யாது. அல்சா-ஸ்கார்லெட்-ஜியூஐ என்ற நிரலில் அந்த முறையை அணைத்தால் சரியாகிவிடும். அதே நிறுவனத்தின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சாதனங்களின் மிக்சர், கர்னல் 6.7 முதல் தானாக இயங்குகிறது. அதற்கு முந்தைய கர்னலில் டிரைவருக்கு ஒரு அளவுரு கொடுக்க வேண்டும். இரண்டுமே வழு அல்ல.

கேபிளை மாற்றுங்கள், ஹப்பை விலக்கி நேராகக் கணினியில் சொருகுங்கள், வைஃபையை அணைத்துப் பாருங்கள். வைஃபையை அணைத்ததும் வெட்டு நின்றால் அதுவே நல்ல தடயம், குறித்துவையுங்கள்.

காதில் விழுவதை எண்ணாக மாற்றுங்கள்

"சத்தம் உடைகிறது" என்பது நிரலருக்கு எதையும் சொல்லாது. ஓவர்லோடால் வரும் கரகரப்பும், மாதிரிகள் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்கள்) தொலைந்துபோய் விழும் வெட்டும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலக் கேட்கும். காரணம் முற்றிலும் வேறு. பிரித்துப் பார்க்க ஒரு கேபிள் போதும்.

1. ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள். ஃபான்டம் பவரை (மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணையுங்கள்.
2. இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து அதே இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்கு ஒரு கேபிள் போடுங்கள். மைக் உள்ளீட்டில் சொருகாதீர்கள். மென்பொருளின் மானிட்டரிங்கும் அணைந்திருக்கட்டும். இல்லையென்றால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும்.
3. ஆடாசிட்டியில் 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையை மைனஸ் 12 டெசிபல் அளவில், 10 நிமிட நீளத்துக்கு உருவாக்குங்கள்.
4. அதை ஓடவிட்டபடியே இன்னொரு டிராக்கில் பதிவு செய்யுங்கள்.
5. பதிவான டிராக்கை ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள்.

நல்ல பதிவில் ஒரே ஒரு கிடைக்கோடு இருக்கும். மாதிரி தொலைந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை செங்குத்தாக ஒரு கோடு விழும். ஓவர்லோடு என்றால் செங்குத்துக் கோடு இருக்காது. 2000, 3000 ஹெர்ட்ஸ் என்று மேலே மேலே கூடுதல் கிடைக்கோடுகள் தெரியும். அப்போது குறைக்க வேண்டியது லெவலை. அறிக்கை எழுத வேண்டியதில்லை.

செங்குத்துக் கோடுகள் இருந்தால் இரண்டை எண்ணுங்கள். ஒன்று, கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. இரண்டு, பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும் விடுபட்ட மாதிரிகளின் எண்ணிக்கை. 1000 ஹெர்ட்ஸ் அலை 48,000 விகிதத்தில் (நொடிக்கு 48,000 மாதிரி) 48 மாதிரிக்கு ஒரு சுற்று முடிக்கும் என்பதால், அலை எவ்வளவு தாண்டிக் குதித்தது என்று பார்த்து, ஒரு சுற்றுக்கு உட்பட்ட மிச்சத்தைக் கணக்கிடலாம். இடைவெளி தாறுமாறாக இருந்தால் சிபியு அல்லது ஷெட்யூலிங் (சிபியு நேரத்தைப் பங்கிடுதல்) தொல்லை. கடிகாரம் அடித்தாற்போல ஒரே இடைவெளியில் வந்தால், ஒலி உள்ளே வருவது ஒரு சாதனத்தில், வெளியே போவது வேறு சாதனத்தில் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு கடிகாரங்களுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட, 48,000 விகிதத்தில் நொடிக்கு 2.4 மாதிரி விலகும். 256 மாதிரி பஃபர் (மாதிரிகள் காத்திருக்கும் தற்காலிக இடம்) ஏறத்தாழ 107 நொடிக்கு ஒருமுறை வழுக்கும். "107 நொடிக்கு ஒரு வெட்டு, இரண்டு சாதனங்கள் சேர்ந்து ஓடும்போது மட்டும்" என்று எழுதினால், தெரிந்தவர் அந்த வரியிலேயே காரணத்தைப் பிடித்துவிடுவார்.

பிடபிள்யூ-டாப்பைப் படிப்பது

பைப்வயர் ஓடும் கணினியில் பிடபிள்யூ-டாப்பைவிடப் பயனுள்ள கருவி இல்லை. ஃபெடோரா 34 முதலும் உபுண்டு 22.10 முதலும் பைப்வயர்தான் இயல்பான ஒலிச் சர்வர் என்பதால், உங்களிடமும் அநேகமாக அதுதான் இருக்கும். டெர்மினலில் பிடபிள்யூ-டாப்பை ஓடவிட்டு, தகராறு வரும் வேலையைச் செய்யுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு நோடு, அதாவது ஒலிப் பாதையில் உள்ள ஒரு நிரல் அல்லது சாதனம். பார்க்க வேண்டிய பத்திகள் இவை.

குவான்ட், ரேட்: ஒரு சுற்றில் எத்தனை மாதிரி, நொடிக்கு எத்தனை. 256, 48000 என்றால் ஒரு சுற்றுக்கு 5.33 மில்லி விநாடி. எல்லாரும் தங்கள் வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும். 128 என்றால் 2.67 மில்லி விநாடிதான்.

வெயிட்: "உன் முறை வந்துவிட்டது" என்று நோடுக்குச் சொன்னதிலிருந்து அது உண்மையில் வேலையைத் தொடங்க எடுத்த நேரம். பிஸி: வேலையைத் தொடங்கி முடிக்க எடுத்த நேரம். இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பாமல் தனித்தனியாகப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிஸி 4.8 மில்லி விநாடி, வெயிட் மிகச் சிறியது என்றால் அந்த நிரலோ அதன் பிளகினோ உண்மையிலேயே அதிக வேலை செய்கிறது. பிஸி குறைவாக இருந்து வெயிட் திடீர் திடீரென எகிறினால், நிரல் தயாராகத்தான் இருக்கிறது, கர்னல் அதற்குச் சிபியுவைக் கொடுக்கவில்லை. அது ரியல்டைம் அனுமதிப் பிரச்சினை, இல்லையென்றால் வேறொரு டிரைவர் சிபியுவைப் பிடித்துவைத்திருக்கிறது.

இஆர்ஆர்: பிழைகளின் எண்ணிக்கை; எக்ஸ்ரன் (ஒரு சுற்று நேரத்துக்குள் வேலை முடியாமல் போவது) இதில்தான் ஏறும். எந்த வரியில் ஏறுகிறது என்று பாருங்கள். ஆர்டோரின் வரியில் மட்டும் ஏறினால் ஒரு கதை. சாதனத்தின் வரியில் ஏறினால் வேறு கதை.

வெயிட் எகிறும்போது அடுத்ததாக, பிஎஸ் கட்டளையில் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை), ஷெட்யூலிங் வகுப்பு, முன்னுரிமை ஆகிய பத்திகளைக் கேட்டு "டேட்டா-லூப்" த்ரெட்டைத் தேடுங்கள். வகுப்பு எஃப்எஃப் அல்லது ஆர்ஆர் என்று இருக்க வேண்டும். டிஎஸ் என்று இருந்தால் ரியல்டைம் கிடைக்கவில்லை. திரும்ப முதல் படிக்குப் போக வேண்டியதுதான்.

அதோடு பஃபரை மாற்றியும் பாருங்கள். பிடபிள்யூ-மெட்டாடேட்டா கட்டளையில் செட்டிங்ஸ் என்ற பெயரின் கீழ் "க்ளாக் ஃபோர்ஸ்-குவான்டம்" மதிப்பை 1024 ஆக்கினால் சுற்று 21.3 மில்லி விநாடியாகும். 0 கொடுத்தால் பழையபடி ஆகிவிடும். 1024-லும் வெட்டு வந்தால் அது வெறும் வேகப் போதாமை அல்ல. அந்த ஒரு தகவலே அறிக்கையின் மதிப்பைக் கூட்டும்.

அடுக்கடுக்காக உரித்துப் பார்ப்பது

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் பிளகின். ஆர்டோரை "டிசேபிள்-பிளகின்ஸ்" விருப்பத்தோடு தொடங்கினால் எந்தப் பிளகினும் ஏறாமல் செஷன் (பதிவுத் திட்டம்) திறக்கும். தகராறு போய்விட்டால், பிளகின்களில் பாதியை மட்டும் ஓடவிட்டு, பிறகு அந்தப் பாதியில் பாதி என்று குறுக்குங்கள். 32 பிளகின் இருந்தாலும் ஐந்து சோதனையில் குற்றவாளி சிக்கிவிடும். ஆர்டோர் பிளகின்களைத் தன் புராசஸுக்குள்ளேயே ஓட்டுகிறது. பிளகின் விழுந்தால் ஆர்டோரும் சேர்ந்து விழும். விண்டோஸ் பிளகினை யாபிரிட்ஜ் வழியாக ஓட்டினால் வைன், யாபிரிட்ஜ் என்று இன்னும் இரண்டு அடுக்கு கூடுகிறது. அவற்றின் பதிப்பையும் எழுத வேண்டும்.

அடுத்து மென்பொருள். அதே வேலையை வேறு நிரலில் செய்யுங்கள். ஆர்டோரில் வந்தது ஆடாசிட்டியிலும் வந்தால் ஆர்டோரை விட்டுவிடலாம்.

பிறகு சர்வர். யூசர் சிஸ்டம்சிடிஎல் வழியாக பைப்வயர், பைப்வயர்-பல்ஸ் இரண்டின் சாக்கெட்டுகளையும் சர்வீஸ்களையும், பைப்வயரின் இணைப்புகளை நிர்வகிக்கும் வயர்பிளம்பரையும் நிறுத்துங்கள். சாக்கெட்டை நிறுத்தாவிட்டால் அடுத்த நொடியே சர்வீஸ் எழுந்து உட்காரும். பிறகு ஸ்பீக்கர்-டெஸ்ட் அல்லது ஏபிளே மூலம் நேராகச் சாதனத்தில் ஒலி கொடுங்கள். "ஹெச்டபிள்யூ" என்ற பெயரில் கொடுத்து "ஃபார்மட் கிடைக்கவில்லை" என்று வந்தால் பயப்பட வேண்டாம். பல யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்கள் 32 பிட் மட்டுமே ஏற்கும். "பிளக்-ஹெச்டபிள்யூ" என்று மாற்றுங்கள். சர்வரே இல்லாதபோதும் வெட்டு வந்தால் கோளாறு கர்னலிலோ சாதனத்திலோதான்.

கர்னலைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கணினி தொடங்கும்போது கிரப் மெனுவில் "மேம்பட்ட விருப்பங்கள்" போய், முந்தைய கர்னலில் ஏறுங்கள். பழையதில் சரியாக இருந்து புதியதில் கெட்டுப்போனால் அது ரிக்ரஷன். "இந்தப் பதிப்பில் சரி, அடுத்ததில் இல்லை" என்ற ஒரு வரி நூறு வரி லாகை விட மேலானது.

ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ராக் கோப்புறையில் அசவுண்ட் என்பதற்குள் உங்கள் கார்டின் "ஸ்ட்ரீம்0" கோப்பையும், பிசிஎம் கோப்புறைக்குள் இருக்கும் "ஹெச்டபிள்யூ-பேரம்ஸ்" கோப்பையும் நகலெடுங்கள். நீங்கள் கேட்டது என்ன என்பதை மென்பொருள் காட்டும். உண்மையில் கிடைத்தது என்ன என்பதை இந்தக் கோப்புகள்தான் காட்டும். ஆர்டோரில் 44,100 என்று இருந்து இங்கே 48,000 என்று இருந்தால் நடுவில் யாரோ மாற்றுகிறார்கள் என்று அர்த்தம். ஒலி ஓடாதபோது பார்த்தால் "க்ளோஸ்ட்" என்று மட்டும் இருக்கும்.

கிராஷ் என்றால்

நிரல் தானாக மூடிக்கொண்டால் வர்ணனை வேண்டாம், பேக்ட்ரேஸ் (விழுந்த நேரத்தில் எந்தெந்தச் செயற்கூறு ஓடியது என்ற பட்டியல்) வேண்டும். "கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்" அடித்தால் அண்மையில் விழுந்தவை தெரியும். உபுண்டுவில் இவற்றை அப்போர்ட் பிடித்துக்கொள்ளும். சிஸ்டம்டி-கோர்டம்ப் தொகுப்பை நிறுவினால் இந்த வழி கிடைக்கும். "கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி" என்று அடித்ததும், டிபக்இன்ஃபோடி (பிழைதிருத்தத் தகவலை இறக்கித் தரும் சேவை) வேண்டுமா என்று ஜிடிபி என்ற பிழைதிருத்தி கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். பிறகு "த்ரெட் அப்ளை ஆல் பிடி ஃபுல்". ஒலி நிரல்களில் பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் விழுந்த த்ரெட்டை மட்டும் எடுத்தால் போதாது. வெளியீட்டில் வரிக்கு வரி கேள்விக்குறிகளாக இருந்தால் சிம்பல்கள் (செயற்கூறுகளின் பெயர்த் தகவல்) இல்லை. அதை அனுப்பிப் பயனில்லை.

முதல் நாலைந்து ஃப்ரேம்களில் எந்த லைப்ரரியின் பெயர் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். அங்கே ஒரு பிளகினின் பெயர் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மீதுதான்.

எங்கே எழுதுவது

பைப்வயர், வயர்பிளம்பர்: ஃப்ரீடெஸ்க்டாப்பின் கிட்லேப். ஆர்டோர்: அதன் சொந்த மான்டிஸ் டிராக்கர். ஆடாசிட்டி, எல்எம்எம்எஸ், ஹைட்ரஜன், ஜாக்2, யூசிஎம் அமைப்புக் கோப்புகள்: கிட்ஹப். பிளகின் என்றால் அந்தந்தப் பிளகினின் இடம். டிரைவர் என்றால் முதலில் உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு), புதிய கர்னலிலும் இருந்தால் கர்னலின் பக்சில்லா. தனியுரிமை கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறியிருந்தால் கர்னல் "டெய்ன்டட்" (வெளி நிரல் கலந்தது) ஆகிவிடும். அது இல்லாமல் ஒருமுறை சோதித்துவிட்டு எழுதுவது நல்லது.

பதிப்பு விஷயத்தில் கறாராக இருப்பார்கள். உபுண்டு 22.04-இல் வருவது பைப்வயர் 0.3.48, டெபியன் 12-இல் 0.3.65. பைப்வயர் 1.0 வெளிவந்தது 2023 நவம்பரில். பழையதை வைத்துக்கொண்டு மூல நிரலரிடம் போனால் "புதியதில் பாருங்கள்" என்பதுதான் பதில். புதியதை நிறுவ முடியாதென்றால் டிஸ்ட்ரோவிடமே எழுதுங்கள்: டெபியனில் ரிப்போர்ட்பக், உபுண்டுவில் உபுண்டு-பக். ஆர்டோர் குழு, டிஸ்ட்ரோ தொகுத்துத் தரும் ஆர்டோருக்குப் பொறுப்பேற்பதில்லை; தங்கள் தளத்திலிருந்து இறக்கியதில் சோதிக்கச் சொல்வார்கள். அந்த இலவச டெமோ 10 நிமிடத்துக்குப் பிறகு ஒலியை நிறுத்திவிடும். அதையும் ஒரு வழுவாக எழுதிவிடாதீர்கள்! ஃப்ளாட்பேக்கா, ஆப்இமேஜா, டிஸ்ட்ரோ தொகுப்பா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஒரே பதிப்பு எண் இருந்தாலும் உள்ளிருக்கும் லைப்ரரிகள் வேறாக இருக்கலாம்.

எழுதுவது

ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, சிறு சிறு வாக்கியமாக எழுதுங்கள். டெஸ்க்டாப் தமிழில் இருந்தால், நிரலைத் தொடங்கும் வரிக்கு முன்னால் எல்சி-ஆல் மாறியை "சி" என்று வைத்து ஓட்டுங்கள்; பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வரும். செஷன் கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால், ஆங்கில எழுத்துப் பெயரிலும் ஒருமுறை சோதியுங்கள். பெயரை மாற்றியதும் கோளாறு மறைந்தால் அது ஒருங்குறி வழு, அதையே தலைப்பாக்குங்கள்.

தலைப்பு "அவசரம், ஒலி வேலை செய்யவில்லை" என்று இருந்தால் யாரும் திறக்கமாட்டார்கள். "48 கிலோஹெர்ட்ஸ், 256 மாதிரியில் பதிவு செய்யும்போது சாதன நோடில் எக்ஸ்ரன், கர்னல் 6.1-இல் இல்லை, 6.12-இல் உண்டு" என்பது தலைப்பு. கீழே உடலில்:

செய்தது: புதிய செஷன், ஒரு மோனோ டிராக், பிளகின் எதுவும் இல்லை, 10 நிமிடப் பதிவு.
எதிர்பார்த்தது: வெட்டு இல்லாத பதிவு.
நடந்தது: 10 நிமிடத்தில் 14 வெட்டு, இடைவெளி ஒழுங்கில்லை.
எத்தனை முறை: ஐந்தில் ஐந்து.
மாற்றிப் பார்த்தது: 1024 பஃபர் (2 வெட்டு), வைஃபை அணைத்து (மாற்றமில்லை), வேறு யூஎஸ்பி போர்ட் (மாற்றமில்லை), பைப்வயர் நிறுத்தி ஏரெகார்ட் (வெட்டு உண்டு).

"மாற்றிப் பார்த்தது" என்ற பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத அறிக்கைக்கு முதல் மூன்று பதில்களும் அந்தக் கேள்விகளாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் போகும். காரணத்தைப் பற்றிய உங்கள் ஊகத்தைத் தனிப் பத்தியில், ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள். இரண்டு கோளாறு என்றால் இரண்டு அறிக்கை.

இணைப்பாக: அல்சா-இன்ஃபோவின் வெளியீடு, "ஜர்னல்சிடிஎல் -பி -கே", பைப்வயரின் யூசர் ஜர்னல், தகராறு நடக்கும்போது எடுத்த பிடபிள்யூ-டாப், முன்பு நகலெடுத்த இரண்டு ப்ராக் கோப்புகள். ஆடாசிட்டி என்றால் உதவி மெனுவின் டயக்னாஸ்டிக்ஸில் உள்ள ஒலிச் சாதனத் தகவலும் லாகும். படமாக எடுத்து ஒட்டாதீர்கள், எழுத்தாகவே கொடுங்கள். படத்துக்குள் தேட முடியாது. பைப்வயர்-டிபக் மாறியை 3-இல் வைத்தால் போதும். 5-இல் வைத்தால் லாக் எழுதும் வேலையே புதிய எக்ஸ்ரனை உண்டாக்கும்.

அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். லாகில் உங்கள் பயனர் பெயர், கணினியின் பெயர், சாதனத்தின் சீரியல் எண், இன்னும் வெளிவராத பாட்டின் செஷன் பெயர் எல்லாம் கிடக்கும். அல்சா-இன்ஃபோ, விட்டால் இணையத்தில் ஏற்றட்டுமா என்று கேட்கும். "நோ-அப்லோட்" கொடுத்தால் டெம்ப் கோப்புறையில் கோப்பாகத் தங்கும், திருத்திவிட்டு இணைக்கலாம். செஷன் கோப்பையே கேட்டால் பாட்டைக் கொடுக்காதீர்கள். சைன் அலை வைத்து அதே தகராறு வரும் ஒரு சிறு செஷனை உருவாக்கிக் கொடுங்கள். நிரலருக்கும் அதுதான் வசதி.

அனுப்பிய பிறகு

பதில் வரும்வரை அந்தக் கணினியைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தால் நல்லது; முடியாதென்றால் புதுப்பித்த பிறகு சோதித்து, மாறிய பதிப்பு எண்ணை அறிக்கையில் சேருங்கள். "இந்த பேட்சைப் போட்டுப் பாருங்கள்" என்று வந்தால், முடியும் என்றோ முடியாது என்றோ அன்றே சொல்லிவிடுங்கள். கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாகக் குறுக்கி, கெடுத்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பது) கேட்டால் மலைக்க வேண்டாம்: 1000 மாற்றங்களுக்கு நடுவே இருந்தாலும் பத்துச் சோதனைதான். ஒவ்வொன்றிலும் அந்த 10 நிமிட சைன் அலையை ஓட்டிச் செங்குத்துக் கோடு உண்டா இல்லையா என்று பார்த்தால் போதும். சில கட்டுமானங்களில் வேறு காரணத்தால் நிரலே தொடங்காது. அவற்றை "கெட்டது" என்று குறிக்காமல் "ஸ்கிப்" கொடுங்கள், இல்லையென்றால் பழி சம்பந்தமில்லாத மாற்றத்தின் மேல் போய் விழும். நடுவில் இன்டர்ஃபேஸை விற்றுவிட்டாலோ தகராறு தானாக மறைந்துவிட்டாலோ அதையும் தேதியோடும் கர்னல் எண்ணோடும் ஒரு வரி எழுதி, அறிக்கையை மூடச் சொல்லிவிடுங்கள்.